கார்பன் இல்லாத மிக்ஸி

மாசத்தின் இரண்டாவது ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும், ராயபுரம் மாதா கோயில் ஹாலில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாலு மேசை போடுவார்கள். மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப் பெட்டி, ரிமோட் என்று வீட்டில் கெட்டுக் கிடக்கிற எதையும் கொண்டுவரலாம். காசு கிடையாது. விதிகள் மட்டும் மூன்று உண்டு. வாசல் கரும்பலகையில் பெரிதாக எழுதியிருக்கும்.

முதல் விதி, பொருளைக் கழுவிக்கொண்டு வரக்கூடாது. இதை முதல் மாசமே எழுத வேண்டியதாகிவிட்டது. நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு அழுக்கு மிக்ஸியை எப்படித் தூக்கிப்போவது என்று எல்லாருக்கும் ஒரே கூச்சம். முந்தின நாளே குழாயடியில் வைத்து சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். வந்த ஒன்பது மிக்ஸியில் ஏழுக்குள் தண்ணீர். ஒரு டேபிள் ஃபேனைக் கவிழ்த்தால் நுரை வந்தது.

இரண்டாவது விதி, ரிப்பேர் முடிகிறவரை சொந்தக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கழற்றுகிற ஸ்க்ரூவைக் கையில் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, என்ன கோளாறு, எதனால் வந்தது என்பதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பலகையில் எழுத வேண்டும்.

கடைசி இரண்டையும் போட்டவர் கஸ்பார். துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன், இங்கே ஒரு மேசையில் ரிப்பேர் பார்ப்பவர். "நாளைக்கு ஒருத்தன் நம்ம மேல ஒரு சொல்லு சொல்லக்கூடாது. எல்லாம் கண்ணு முன்னாடி நடக்கணும்" என்று மேசையைத் தட்டிச் சொன்னவர். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை டோக்கன் கொடுக்கிற பெண் மலர் மைக்கில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டதும் அவர் கையிலிருந்த டெஸ்டர் கீழே விழுந்தது.

"டோக்கன் பதினேழு. ஜானட். ஒரு மிக்ஸி."

ஜானட் அவருடைய மனைவி.

பூசைக்குக் கட்டிய புடவையோடு, கட்டைப்பையில் மிக்ஸியை வைத்துக்கொண்டு, யாரோ அடுத்த தெரு ஆள் மாதிரி அவர் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"இன்னா அங்கிள், ஆன்ட்டி க்யூல நின்னு டோக்கன் வாங்கினு வந்துகீறாங்க?" மலர் மைக்கை அணைக்காமலே கேட்டாள். ஹால் சிரித்தது.

பக்கத்து மேசையில் பகலவன். வியாசர்பாடிக்காரன், லிஃப்ட் மெக்கானிக், வாயை மூடவே மாட்டான். "அண்ணாத்த, வூட்ல சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு இங்க வந்து மனு குடுக்குது பாரு அண்ணி."

"உன் வேலயப் பாருடா" என்றார் கஸ்பார்.

அந்த மிக்ஸிக்கு என்ன கோளாறு என்று அவருக்குத் திறக்காமலே தெரியும். உள்ளே இரண்டு கார்பன் இருக்க வேண்டும். விரல்நுனி அளவுக்குக் கரித்துண்டு, பின்னால் ஒரு ஸ்பிரிங். அது தொட்டுக்கொண்டிருந்தால்தான் மோட்டார் சுற்றும். இந்த மிக்ஸியில் இரண்டுமே இல்லை. எடுத்தவர் அவர்தான்.

ஐந்து மாசம் முன்னால் இதே ஹாலுக்கு, அவர் வீட்டுக்குப் பின் சந்தில் இருக்கிற அங்கம்மா மிக்ஸியோடு வந்தாள். கார்பன் தேய்ந்து மண்ணாகியிருந்தது. மறுநாள் அவள் மகளுக்கு வளைகாப்பு. ஞாயிற்றுக்கிழமை, கடை ஒன்றும் இல்லை. அங்கம்மா கண் கலங்கிவிட்டாள். கஸ்பார் பொறுக்கமாட்டாத மனுஷன். "பத்து நிமிஷம் இரு" என்று சைக்கிளை எடுத்தார். வீட்டில் அதே மாடல் மிக்ஸி. ஜானட் திருவொற்றியூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு கார்பனையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து அங்கம்மாவுக்கு மாட்டிக் கொடுத்தார். திங்கட்கிழமை புதுசு வாங்கிப் போட்டுவிடலாம் என்பது கணக்கு.

திங்கட்கிழமை கப்பல் வந்துவிட்டது. செவ்வாய் மறந்துவிட்டது. புதன்கிழமை ஜானட் சுவிட்சைப் போட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

"பாக்கறேன்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டாம் வாரம் சொன்னால் முதல் வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். மூன்றாம் வாரம் சொன்னால் கேள்வி இரண்டு. நடுவில் ஒருநாள் கார்பன் வாங்கியும் வந்தார், அளவு சேரவில்லை. சட்னி மட்டும் தினமும் தவறாமல் வந்தது. "இன்னா இருந்தாலும் அம்மியில அரைக்கிற ருசி தனி. மிக்ஸி வேஸ்ட்டு" என்று பாராட்டிச் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

இப்போது அது அவர் மேசையில் உட்கார்ந்திருந்தது.

"பகலவா, இத்த நீ பாரேன். சொந்த வூட்டுப் பொருள நான் பாத்தா நல்லா இருக்காது."

"குடு அண்ணாத்த, ஜாலியா பாக்கறேன்."

அவன் கை நீட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. பகலவன் திறந்தால் இரண்டு காலி ஓட்டையையும் ஹாலுக்கே கூவிச் சொல்வான். "வேணா வேணா" என்று வெடுக்கென்று பிடுங்கினார். மேசைக்கடியில் இருந்த ஸ்பேர் டப்பாவைக் காலால் இழுத்துக் குனிந்து துழாவினார். கார்பன் இருந்தது. ஒன்றே ஒன்று.

"ஜானட், தொண்ட காயுது. வெளிய போயி ஒரு டீ வாங்கினு வாயேன்."

ஜானட் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "பலகைல இன்னா எழுதிகீது? நவுரக்கூடாதாமே. யாரோ பெரிய மனுஷன் போட்ட சட்டம்." உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "ஸ்க்ரூ போடு."

முதல் ஸ்க்ரூவுக்கு மூன்று நிமிஷம் ஆனது. அடி மூடியில் மொத்தம் நாலு.

"இதுல இன்னா போயிருக்கும் மெக்கானிக் சார்?"

"தொறந்தாதான் தெரியும்."

"போன மாசம் ஒரு கிரைண்டர சத்தத்த வெச்சே சொல்லிட்டியாமே?"

"அதுல சத்தம் வந்துது."

"ஆமா. இதுல அதுகூட வர்ல."

இரண்டாவது. மூன்றாவது. எலி என்று சொல்லலாமா என்று யோசித்தார். ராயபுரத்து எலி எதையும் தின்னும். ஆனால் கார்பனின் பித்தளை மூடியைத் திருகித் திறந்து, எடுத்துக்கொண்டு, திரும்ப மூடி வைக்கிற எலியை ஜானட் நம்பமாட்டாள். நாலாவது ஸ்க்ரூவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தவர் அப்படியே நிறுத்தினார். ஜானட்டின் கையில் மூன்று ஸ்க்ரூ பத்திரமாக இருந்தது. வருஷம் முழுக்க ஊர்க்காரர்களிடம் கண்ணுக்கு முன்னால், கண்ணுக்கு முன்னால் என்று சொன்னது அவருக்கே காதில் கேட்டது.

"உள்ள கார்பன் இல்ல ஜானட்" என்றார் மெதுவாக. "நான்தான் எட்த்தேன். அங்கம்மாக்குப் போட்டேன். சொல்லணும் சொல்லணும்னே இருந்தேன்."

ஜானட் மூன்று ஸ்க்ரூவையும் உள்ளங்கையில் உருட்டினாள்.

"எலி எட்த்துனு போச்சினு சொல்லுவேனு நெனச்சேன். பரவால்ல."

"உனக்குத் தெரியுமா?"

"அங்கம்மா அந்த வாரமே வந்து சொல்லிட்டா. உன் வூட்டுக்காரரு தங்கமான மனுஷன், எங்கியோ ஓடிப் போயி பாக்கெட்ல போட்டுனு வந்து மாட்டுனாருன்னா. அந்தப் பாக்கெட்டுக்கு எங்கிருந்து வந்துதுனு எனக்குத் தெரியாதா?"

"அப்ப அஞ்சு மாசமா சட்னி?"

"டெய்லி காலீல அவ வூட்லதான் அரைக்கிறேன். நம்ம கார்பன்தான? சூப்பரா ஓடுது."

"அம்மி?"

"அம்மி மேல நீ ஒரு செத்த பேட்டரிய வெச்சிகீற. அஞ்சு மாசமா நீயும் நவுத்தல, நானும் நவுத்தல. ருசி தனியாமே!"

பகலவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். மலர் எழுந்து வந்து பலகையின் பக்கத்தில் சாக்பீஸோடு நின்றாள்.

"அங்கிள், பதினேழுக்கு கோளாறு இன்னா?"

"கார்பன் இல்லனு எழுது."

"காரணம்?"

கஸ்பார் ஜானட்டைப் பார்த்தார். "உன் சட்டம்யா, என்னிய ஏன் பாக்குற?" என்றாள் அவள்.

அவர் எழுந்து போய் மலர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, கிரேனில் எச்சரிக்கை எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தில் தானே எழுதினார். காரணம்: கஸ்பார்.

ஹாலில் கைதட்டல் அடங்க நேரமானது. காது சிவந்துபோய் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் தெரிஞ்சினு ஏன் டோக்கன் வாங்குன? வூட்லயே கேட்டுருக்கலாம்ல?"

"வூட்ல நீ எங்க உக்கார்ற? ஷிப்டு, இல்லாங்காட்டி தூக்கம். ஞாயித்துக்கெழம ஆனா இங்க வந்துடற. இங்கதான் டோக்கன் வாங்குனா உன் பக்கத்துல உக்கார வெக்கறாங்க."

கஸ்பார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கழற்றாமல் விட்ட நாலாவது ஸ்க்ரூவை இறுக்கினார். மற்றதற்காகக் கையை நீட்டினார்.

"நாளைக்கு மெய்யாலுமே வாங்கிப் போட்டுர்றேன். ஸ்க்ரூவக் குடு."

ஜானட் ஒரு ஸ்க்ரூவைக் கொடுத்தாள். மிச்சம் இரண்டையும் விரலை மடக்கி மூடிக்கொண்டாள்.

"டோக்கன் பதினெட்டு" என்றாள் மலர்.

"இரும்மா" என்றாள் ஜானட். "இங்க இன்னும் முடியல."