தட்டிப் பார்ப்பவன்

எங்கள் தொழிற்சாலையில் எல்லாரும் குழாய் செய்கிறார்கள், நான் சந்தேகப்படுகிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண்ணாடி இழையை ரெசின் என்ற பசையில் தோய்த்துச் சுற்றிய ஃபைபர் குழாய் பார்வைக்கு ராஜா மாதிரி இருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டினால்தான் அதன் வண்டவாளம் தெரியும். நன்றாக ஒட்டியிருந்தால் கணீரென்று கேட்கும். அடுக்குகளுக்கு நடுவே ஒட்டாத இடம் இருந்தால் சத்தம் மொத்தென்று விழும்.

அந்த மாதம் மொத்தென்று விழுந்த குழாய்கள் எல்லாமே ஒரே ஆள் சுற்றியவை. அந்த ஆள் என் தங்கையின் கணவன். புதுசாகச் சேர்ந்தவன். அவனுக்குச் சிபாரிசு செய்த புண்ணியவான் நான்தான்.

"இதுக்குள்ள ஆசிட் ஓடப் போகுதுய்யா. வெடிச்சா யார் மூஞ்சியில தெறிக்கும்? வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா உன் மாப்பிள்ளை வீட்டுக்குக் கெளம்பட்டும்" என்றார் மேனேஜர்.

அன்றிலிருந்து என் கண் மாப்பிள்ளை மேலேயே இருந்தது. வேலையில் குறை சொல்ல முடியாது. இரும்பு உருளையை மெழுகு போட்டுப் பளபளவென்று துடைப்பான். இல்லையென்றால் குழாய் அதைவிட்டுக் கழன்று வராது. அதன்மேல் மெல்லிய கண்ணாடி விரிப்பை ரெசினில் நனைத்துப் போர்த்துவான். உருளை சுழலத் தொடங்கியதும் வெள்ளை இழைகள் கொத்துக் கொத்தாக ரெசின் தொட்டியில் முங்கி எழுந்து, குறுக்கும் நெடுக்குமாக அதன்மேல் ஏறும். தொட்டிக்குள் இறங்கும் முன் அவற்றை விரலால் நீவிப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கையுறை போட்டால் இழை சிக்குகிறது என்று வெறுங்கையால்தான் நீவுவான்.

ஆனால் ஒவ்வொரு குழாய்க்கும் முன்னால், இழை உருண்டைகள் அடுக்கியிருந்த மூலைக்கு டிபன் பையோடு போய்வந்தான். என்னைப் பார்த்தால் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். வீட்டில் தங்கை, "கொழந்தையத் தூக்கவே மாட்டேங்கறாருண்ணா. ஏன்னு கேட்டா திருதிருன்னு முழிக்கிறாரு" என்றாள். எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. பயல் தொட்டியில் ரெசினைக் குறைக்கிறான், மிச்சத்தைப் பையில் கடத்திப் படகு ரிப்பேர் கடையில் விற்கிறான். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் குழந்தை முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கையும் களவுமாகப் பிடித்துக் கொடுப்பதாக வீறாப்பு வேறு பேசினேன்.

மதியம் அந்த மூலையில் பிடித்தேன். "பையில என்ன மாப்பிள்ளை? எடு வெளிய."

குழந்தைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாட்டில் வந்தது. அவன் இரண்டு கையும் முழங்கை வரை மினுங்கின.

"கண்ணாடித் தூசி மச்சான்" என்றான் வெட்கத்தோடு. "எவ்ளோ கழுவினாலும் போக மாட்டேங்குது. பாப்பாவைத் தூக்கினா அவ ஒடம்பெல்லாம் தடிச்சுப் போவுது. எண்ணெய் தடவிக்கிட்டா கையில ஏறாதுன்னு பார்த்தேன். பசங்க பார்த்தா மேக்கப் போடறான்னு ஓட்டுவாங்க, அதான் இங்க வந்து..."

எண்ணெய் பட்ட கண்ணாடியில் ரெசின் பிடிக்காது. அந்தக் கையால் மீட்டர் மீட்டராக இழையை நீவியிருக்கிறான் மகராசன். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் விட்டுவிட்டு மேனேஜர் அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மேனேஜர் பாட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"காலையில ரெசினைத் திருடி விக்கிறான்னு சொன்னது நீதானே? இப்ப எண்ணெய்ங்கற. தங்கச்சி புருஷன்னதும் மனசு எளகிடுச்சாக்கும்?"

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினான். நான் மேஜையைப் பார்த்தேன்.

பழி சொன்னபோது உடனே நம்பிய மனிதர், உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. வேறு வழியில்லாமல் சோதனை வைக்கச் சொன்னேன். ஒரே தொட்டி ரெசினில் இரண்டு குட்டைக் குழாய்கள். ஒன்றை நான் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு சுற்றினேன். இன்னொன்றை அவன் சோப்புப் போட்டுக் கழுவிய கையால் சுற்றினான். மறுநாள் இறுகி ஆறியதும் மேனேஜர் தானே சுத்தியலை எடுத்தார். என்னுடையது மொத்தென்றது. அவனுடையது கணீரென்றது.

பழைய குழாய்களை உடைக்கச் சொன்னார். "இழை சிக்காத மாதிரி இறுக்கமான கையுறை வாங்கிக் குடுய்யா. போப்பா, போய் வேலையப் பாரு" என்று அவன் முதுகில் தட்டினார். வேலை தப்பித்தது. தங்கை அன்று போனில் சிரித்துக்கொண்டே பேசினாள். அவன் அவளிடம் எதையும் சொல்லவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் நேராக என் மேஜைக்கு வந்தான். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், துண்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வைத்தான். பையைத் தலைகீழாக உதறினான்.

"பாத்துக்கோங்க" என்றான்.

அன்றிலிருந்து தினமும் இதேதான். "வேண்டாம் மாப்பிள்ளை, என்னை அசிங்கப்படுத்தாதே" என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டேன். அவன் கோபமாகக்கூட உதறுவதில்லை. நேற்று பையிலிருந்து குழந்தையின் சாக்ஸ் ஒன்று விழுந்தது. நான் குனிவதற்குள் அவனே எடுத்து, அதையும் திருப்பி உதறிக் காட்டிவிட்டுப் போனான்.