பத்தொன்பது பாட்டுகள்

சுவிஸின் பாடன் நகரத் தகன மண்டபத்தில் கணவரின் பெட்டியை மூட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பத்மினி சீடியின் பின்பக்கத்தில் விரல் வைத்து மறுபடி எண்ணினாள். பத்தொன்பது பாட்டுகள். இருபது இருக்க வேண்டும்.

டாவோஸ் ஹோட்டலில் கோப்பை கழுவிய நாட்களில் அவள் கணவர் தயாநிதிக்கு அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுகளில் பைத்தியம். அதே பாணியில் தமிழில் தானே எழுதி, கிற்றாரோடு பாடி, இரண்டு கசெற் வெளியிட்டார். வாங்கியவர்களைவிட வாங்குவதாகச் சொன்னவர்களே அதிகம். போன மாதம்தான் மகள் அக்‌ஷயா இரண்டையும் ஒரே சீடியாக்கி ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கையில் கொடுத்தாள். அன்று பத்மினிக்கு உறையைப் பிரிக்க நேரமிருக்கவில்லை.

"பிள்ளை, நான் அப்பாவோடை சேர்ந்து பாடினது எங்கை?"

அக்‌ஷயா தலையைக் குனிந்தாள்.

"வீட்டிலை மிஞ்சின ஒரே கசெற்றிலை அதை அழிச்சுப்போட்டுத்தான் அப்பா எனக்குத் தந்தவர். உங்கடை குரல் வெளியிலை போகக்கூடாது எண்டு அப்பவே சண்டை பிடிச்சனீங்களாம். இப்பவாவது உங்கடை சொல்லைக் கேப்பம் எண்டவர்."

பால் வாங்கிவரச் சொன்னதைப் படி இறங்குமுன் மறக்கிற மனிதர், இதை முப்பது வருடம் மறக்காமல் வைத்திருந்திருக்கிறார். அந்தச் சண்டையும் அவளுடையதல்ல. குடும்பப் பெண் கசெற்றில் பாடுவதா என்று துள்ளிய தமையனுக்குப் பயந்து பிடித்தது. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது, பெட்டிக்குள் கிடப்பவர் மேல். பிறகுதான் உறைத்தது. இனி அவர்கள் இருவரும் சேர்ந்து பாடுவதை எங்கே போய்க் கேட்பாள்?

அந்தத் தமையன், ஸ்ரீஸ்கந்தராஜா, பக்கத்தில் வந்து இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சீடியை வாசித்தார்.

"தங்கச்சி, நீ பாடினது இதிலை இல்லையே?"

பத்மினி சீடியை மடியில் கவிழ்த்தாள்.

"நான் ஷ்லீரனுக்கு வேலைக்குப் போகேக்குள்ளை எந்த நாளும் அதைத்தான் போடுறனான். இப்பவும் காரிலை கிடக்கு. கசெற் போடலாம் எண்டுதான் அந்தப் பழைய காரை இன்னும் மாத்தேல்லை."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள். பத்மினி எழுந்துபோய்க் கணவரின் நெற்றியைத் தொட்டாள். சில்லென்று குளிர்ந்தது. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அக்‌ஷயா கார்க் கதவைத் திறந்து பிடித்தாள்.

"நீ போ பிள்ளை," என்றாள் பத்மினி. "நான் மாமாவோடை வாறன்."