கும்பிடுபூச்சிப் புத்தகங்கள்

சம்பந்தத்தின் வீட்டில் சாமி அலமாரியைவிடப் பெரிய அலமாரி ஒன்று உண்டு. அதில் முப்பத்திரண்டு புத்தகங்கள். முப்பத்திரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. கும்பிடுபூச்சியைப் பார்த்துச் சீனாக்காரர்கள் உண்டாக்கிய சண்டைக் கலையை எப்படிக் கற்றுக்கொள்வது, அவ்வளவுதான். குங்ஃபூவில் புலி இருக்கிறது, கொக்கு இருக்கிறது, பாம்பு இருக்கிறது. மனுஷர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

"ஊர்ல அவங்கவங்க பிளாட் வாங்குறாங்க, கார் வாங்குறாங்க. எங்க வீட்டுல பூச்சி வாங்குறோம்" என்று சகுந்தலா சொல்லாத விருந்தாளி கிடையாது. சொல்லிவிட்டு அந்த அலமாரியைத் தூசு தட்டி வைப்பதும் அவள்தான்.

சம்பந்தம் மாயவரத்துக்காரர். எண்பத்தேழில் தெலுங்கு நாட்டு ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் சேர்ந்தவர், அங்கேயே க்வார்ட்டர்ஸில் குடியிருந்துவிட்டார். ஆபிட்ஸ் கடைத்தெரு நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை பரப்புகிற பழைய புத்தகங்களுக்குள் கையை விட்டுத் துழாவுவது ஒன்றுதான் அவருக்கு இருந்த கெட்ட பழக்கம். அப்படித் துழாவியபோது முதல் புத்தகம் அகப்பட்டது. அதில் ஒரு கதை போட்டிருந்தது. சண்டையில் தோற்றுத் தோற்று மனம் வெறுத்துப் போன ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு கும்பிடுபூச்சி தன்னைவிடப் பெரிய சிள்வண்டைப் பிடித்து அமுக்குவதைப் பார்க்கிறான். அதைக் கூண்டில் வைத்து, குச்சியால் குத்திக் குத்தி, அது கையை எப்படி மடக்குகிறது, எப்படி வீசுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் பூச்சியின் கை மனுஷன் கையாகிவிடுகிறது.

சம்பந்தத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. விரல் நீளப் பூச்சியிடம் போய் ஒருவன் பாடம் கேட்டிருக்கிறான். கேட்டதை இன்னொருவன் படமாகப் போட்டிருக்கிறான். அந்தப் படம் கடல் தாண்டி ஆபிட்ஸ் நடைபாதையில், பழைய இஞ்சினியரிங் நோட்ஸுக்கு அடியில், தனக்காகக் கிடந்திருக்கிறது. மறுநாளே செம்பருத்திச் செடியில் ஒரு கும்பிடுபூச்சியைக் கண்டுபிடித்துத் துடைப்பக்குச்சியால் குத்த ஆரம்பித்துவிட்டார். "வதிலெய் டாடி, பாவம்!" என்று மகள் சுபாஸ்ரீ தெலுங்கில் கத்திய பிறகுதான் பூச்சிக்கு விடுதலை கிடைத்தது.

பிறகு சிங்கப்பூர் மச்சான் வழியாகச் சில வந்தன. இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து எழுதிக் கேட்டுச் சில வந்தன. ஆனால் அலமாரியின் நடுத்தட்டில், பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தது ஒன்றை மட்டும்தான். தொண்ணூற்றொன்பதில் அதே நடைபாதையில் கிடைத்தது. புத்தகம் என்றுகூடச் சொல்ல முடியாது. யாரோ ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட கட்டு. முழுக்கச் சீன எழுத்து. பக்கத்துக்கு ஒரு கோட்டுப்படம், பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்து. நாற்பத்தெட்டுப் படங்கள். பக்க எண் எதுவும் ஜெராக்ஸில் விழவில்லை. கடைசியில் நாலைந்து பக்கம் வெறும் எழுத்து, ஒரு தாடிக்காரரின் போட்டோ. முடிவுரை என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நாற்பத்தெட்டு அசைவுகள் கொண்ட வரிசை அவருடைய மற்ற முப்பத்தொரு புத்தகங்களில் எதிலும் இல்லை. அதுதான் அவருடைய பெருமை. இங்கிலீஷ்காரனுக்கே தெரியாத ஒன்று ராமச்சந்திராபுரத்து க்வார்ட்டர்ஸில் இருக்கிறது! ஒன்பது வருஷமாக, தினம் விடியற்காலை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அதைச் செய்து வந்தார். சகுந்தலாவைத் தவிர யாரும் பார்த்ததில்லை. சொல்லிக்கொடுக்க யாரும் இருந்ததில்லை. அதனாலேயே மனதுக்குள் ஒரு முள் இருந்தது. நான் செய்வது நிஜமா, அல்லது படத்தைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டுகிறேனா? தெரிந்த ஒருவர், ஒரே ஒருவர், பார்த்துச் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

இரண்டாயிரத்தெட்டில் மிஷின் ஷாப்புக்குப் பெரிய லேத் ஒன்று சீனாவிலிருந்து வந்து இறங்கியது. அதை நிறுத்தி ஓட்டிக் காட்ட ஒரு பெண் இஞ்சினியரும் வந்து இறங்கினாள். ஹான் என்று பெயர், முப்பது வயது இருக்கும். முதல் வாரம் ஷாப்பில் ஒரு பயலும் அவளுக்கு இரண்டடிக்குள் போகவில்லை. சீனாக்காரி, எந்த நேரத்தில் எங்கே உதைப்பாளோ என்று பயம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பாட்மிண்டன்தான் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் பெரிய ஏமாற்றம்.

விஷயத்தைக் கொண்டுவந்தவர் ஷாப் ஃபோர்மன் முகமது யூசுப். ஆம்பூர்க்காரர், சம்பந்தத்தோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் இருபது வருஷமாக வருகிறவர்.

"சம்பந்தம் பாய், அந்தப் பொண்ணு ஷான்டோங்காம். உங்க பூச்சி ஊரு அதானே?"

சம்பந்தம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தொரு புத்தகத்திலும் முதல் அத்தியாயத்தில் வருகிற பெயர் அது. "அவங்களுக்கு இதெல்லாம் தெரியுமாய்யா?"

"தெரியாதாம். ஆனா படிக்கத் தெரியும்ல? எழுத்தைப் படிச்சுப் பாத்து, நீங்க செய்யறது சரியா இல்லியான்னு சொல்லும். கேக்கறதுக்கு என்னா? வெக்கமா? நக்கோ பாய், வெக்கமெல்லாம் வேணாம், நான் பேசுறேன்."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு கெஸ்ட் ஹவுஸ் புல்தரை என்று முடிவாயிற்று. தனியாக ஒரு பெண்ணைப் பார்க்கப் போவதாவது என்று சகுந்தலாவையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் ஒரு டப்பா முறுக்கோடு வந்தாள். சம்பந்தம் பட்டுத்துணியைப் பிரித்து ஜெராக்ஸ் கட்டை ஹானிடம் நீட்டினார்.

பேச்சு இங்கிலீஷில்தான். "நான் செய்றேன் மேடம். நீங்க படத்தோட ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டே வாங்க" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஆரம்பித்தார்.

ஹான் கட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து திறந்தாள். பாவம், தடுமாறுகிறாள் என்று நினைத்துக்கொண்டே அவர் மூன்றாவது, நாலாவது என்று போய்க்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், முன்னும் பின்னும் புரட்டினாள். புருவம் சுருங்கியது. பத்தாவது படத்துக்குள் அவள் முகத்தில் எதுவோ தெளிந்தது. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள்.

பத்தொன்பதாவது படம் வந்தது. இடது கால் முழுக்க மடங்கி, உட்காரும் இடம் குதிகாலில் பட, வலது கால் தரையோடு தரையாக நீண்டிருக்க வேண்டும். இரண்டு கைகளும் பூச்சியின் கைகளாகக் காதருகே மடங்கியிருக்க வேண்டும். இருபதாவது படத்தில் அந்த ஆள் அதே இடது காலில் நெட்டுக்குத்தாக நிற்கிறான், வலது முழங்கால் மார்பைத் தொடுகிறது. இடையில் படம் கிடையாது. கையை ஊன்றியதாகக் குறிப்பும் கிடையாது. இந்த ஒரு எழுச்சிக்கு சம்பந்தத்துக்கு இரண்டரை வருஷம் ஆயிற்று. முழங்கால் வீங்கி, சகுந்தலா ராத்திரியெல்லாம் தைலம் தேய்த்து, "வேண்டாங்க, விட்டுடுங்க" என்று அழுதிருக்கிறாள். அவர் விடவில்லை. டிராயிங் ஆபீஸ்காரர் அல்லவா? காகிதத்தில் கோடாகக் கிடப்பது நாளைக்கு நாற்பது டன் இரும்பாக எழுந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். டிராயிங்கில் இருந்தால் செய்ய முடியும். முடியவில்லை என்றால் தப்பு செய்கிறவன் மேல். இது அவருக்குச் சத்தியவாக்கு.

அன்றைக்கும் எழுந்தார். உந்தாமல், ஊன்றாமல், ஒற்றைக் காலில், மெதுவாக. நிமிர்ந்தபோதும் ஹான் போனைத்தான் அவர் பக்கம் பிடித்திருந்தாள். புத்தகத்தைப் பார்க்கச் சலித்துப் போய்விட்டது போலிருக்கிறது என்று அவருக்கு மனசு சுருங்கியது. நாற்பத்தெட்டையும் முடித்து, இரண்டு கைகளையும் சேர்த்து வணங்கி நின்றார்.

ஹான் போனை வைத்துவிட்டு ஜெராக்ஸ் கட்டைத் திரும்ப எடுத்தாள்.

"மிஸ்டர் சம்பந்தம்," என்றாள் ஹான், மிகவும் மெல்ல. "எங்கள் பழைய புத்தகங்கள் இந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கும்." கட்டின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "இது முடிவுரை இல்லை. முன்னுரை. ஜெராக்ஸ் எடுத்தவரும் அந்த வரிசையிலேயே கட்டியிருக்கிறார். நீங்கள் கடைசியிலிருந்து முதலுக்குச் செய்கிறீர்கள்."

சம்பந்தம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கட்டை வாங்கிப் பட்டுத்துணியில் சுற்றினார், அது அவிழ்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் சகுந்தலாதான் வாங்கிச் சுற்றினாள். முறுக்கு டப்பாவை ஹானின் கையில் கொடுத்துவிட்டுக் கணவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரி முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பின்னாலிருந்து முன்னால் பார்த்தார். ஏழாவது புத்தகத்தில் இருந்தது. பதினெட்டாவதிலும் இருந்தது. அதே வரிசை, நேராக, இங்கிலீஷ் விளக்கத்தோடு, அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரன் செய்துகாட்டும் போட்டோக்களோடு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு என்று தலைப்பு வேறு! உலகத்தில் தன்னிடம் மட்டும் இருப்பதாக நினைத்தது தன் அலமாரியிலேயே இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

"ஒம்போது வருஷம் சகுந்தலா" என்றார். "ஒம்போது வருஷம் பின்னாலயே நடந்திருக்கேன்."

"அதுக்கென்ன இப்ப? இனிமே முன்னால நடங்க."

அவள் லேசாகச் சொன்னது அவருக்கு லேசாகப் படவில்லை. திங்கட்கிழமை மாடிக்குப் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. மிஷின் ஷாப் பக்கம் போகவேண்டிய டிராயிங்குகளை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் யூசுப்பின் பக்கத்து சீட்டு காலியாக இருந்தும் பின்னால் போய் நின்றார். அந்தப் பெண் சொல்லி ஷான்டோங்கில் இந்நேரம் எத்தனை பேர் சிரித்துக்கொண்டிருப்பார்களோ என்ற நினைப்பு சோற்றில்கூட வந்து கலந்தது. வியாழக்கிழமை அலமாரிமேல் பழைய பெட்ஷீட் ஒன்றைப் போட்டு மூடினார்.

சனிக்கிழமை மத்தியானம் டிராயிங் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு யூசுப் வந்தார். பின்னால் ஹான். அவள் கையில் பிரின்ட் எடுத்த காகிதம் ஒன்று. ஆபீஸே தலையைத் தூக்கிப் பார்த்தது.

"என்னா பாய், கடன்காரனப் பாத்த மாதிரி ஓடுறீங்க? உக்காருங்க. இந்தப் பொண்ணு நாளைக்கு ஊருக்குப் போவுது. உங்களுக்கு லெட்டர் வந்திருக்கு."

"எனக்கா? யாருகிட்டேருந்து?"

ஹான் சொன்னாள். அவளுடைய தாய்மாமன். தபால்காரராக இருந்து ரிடையர் ஆனவர், அறுபத்தெட்டு வயது. அவள் ஊர்ப் பூங்காவில் தினம் காலை பதினோரு பேர் இந்த வரிசையைத்தான் செய்கிறார்கள், மாமன்தான் அவர்களில் மூத்தவர். தன் போனில் பிடித்த வீடியோவை அவருக்கு அனுப்பியிருந்தாளாம். "உங்களைக் கேட்காமல் அனுப்பிவிட்டேன், மன்னியுங்கள்" என்றாள்.

சம்பந்தத்தின் காது சூடாயிற்று. நினைத்தது நடந்தேவிட்டது. "சிரிச்சிருப்பாங்க" என்றார்.

"சிரித்தார்களாம். அதையும் எழுதியிருக்கிறார்." அவள் காகிதத்தைப் பிரித்து, ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னாள். யூசுப், பக்கத்து மேஜைக்காரர்களுக்காக, அதைத் தெலுங்கில் சொன்னார்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். ஒரு மனிதன் சாப்பாட்டைத் தட்டிலிருந்து அடுப்புக்குத் திருப்பி அனுப்புவது போல இருந்தது. பிறகு அவர் தரையிலிருந்து எழுந்தார். எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த இடத்தை மட்டும் பதினோரு முறை போட்டுப் பார்த்தோம். எங்கள் வரிசையில் இருபத்தொன்பதாவதில் ஒற்றைக் காலில் நிற்கிறோம், முப்பதாவதில் தரைக்கு விழுகிறோம். விழுவது யாராலும் முடியும். முப்பதிலிருந்து இருபத்தொன்பதுக்கு யாரும் திரும்பி வந்ததாக நான் பார்த்ததில்லை, என் குருவும் பார்த்ததில்லை. மறுநாள் காலை பதினோரு பேரும் முயன்றோம். மாகாணத்துப் போட்டியில் ஜெயித்த பையன் ஒருவன் எங்களில் இருக்கிறான், அவனும் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். எனக்கு எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. நாற்பது வருஷமாக இதைச் செய்கிறேன். இதற்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. தயவுசெய்து அந்த இந்தியரைக் கேட்டு எழுது. அவர் எப்படி எழுந்திருக்கிறார்?

பக்கத்து மேஜை ஸ்ரீனிவாஸ், இருபது வருஷமாக 'பூச்சி' என்றே கூப்பிட்டவன், நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தான். சம்பந்தம் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ஆனால் ஒன்பது வருஷம் அவர் யாரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாரோ, அந்த ஊரிலிருந்து ஒரு கிழவர் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாங்க முடியாமல் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

"பாய், பதில் சொல்லுங்க. பொண்ணு காத்திருக்கு. எப்பிடி எந்திரிக்கிறீங்க?"

சம்பந்தம் யோசித்தார். முழங்காலை எங்கே வைப்பது, மூச்சை எப்போது விடுவது என்று என்னென்னவோ சொல்லிப் பார்க்க வாயெடுத்தார். எதுவும் காரணமில்லை என்று அவருக்கே தெரிந்தது. ஹானை நிமிர்ந்து பார்த்தார். இங்கிலீஷ் வரவில்லை, தமிழ்தான் வந்தது.

"முடியாதுன்னு சொல்றதுக்கு யாரும் இல்லம்மா. படத்துல இருந்துது, எந்திரிச்சேன்."