ஒன்றரை முயல்

"ஒன்றரை முயல்னு தெளிவாச் சொன்னேன். காதுல என்ன, பஞ்சா?"

"நீ சொன்ன மாதிரிதான் வெச்சேன். காத்தை நீதான் தப்பாப் பாத்தே, ரே."

ரேவினும் அவள் புருஷன் டூகலும் கம்பளிக் கொட்டகை வாசலில் போட்ட சத்தம் பக்கத்துப் பண்ணைவரை கேட்டது. கேட்காதவர்களுக்குச் சொல்ல எங்கள் ஒட்டாகோ பள்ளத்தாக்கில் ஆளுக்கா பஞ்சம்?

காலையில் எவர் வீட்டு நாயோ அவிழ்த்துக்கொண்டு வந்து சரிவில் குட்டி ஆடுகளைக் குதறியது. ரேவினின் மந்தைநாய் மெக், காற்று போகும் பக்கமாக அதை மறித்து நின்றது. டூகல் முயல் சுடும் பாயின்ட் டூ-டூ ரைஃபிளோடு படுத்தான். ரேவின் பைனாகுலரோடு பக்கத்தில் படுத்தாள். முயல் சுட்டே வளர்ந்த ஊர் என்பதால், காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பதற்கு இங்கே முயல் நீளம்தான் கணக்கு. புல் சாய்வதைப் பார்த்து, காற்று வரும் பக்கம் ஒன்றரை முயல் தள்ளிக் குறிவைக்கச் சொன்னாள். அவன் சுட்டான். வந்த நாய் ஓடிவிட்டது, விழுந்தது மெக். உயிர் போக மாலையாயிற்று.

மனைவிக்குக் கண் மங்கிவிட்டதென்று டூகல் பாரில் பரிதாபமாகச் சொல்லிக்கொண்டான். எல்லோரும் அவனுக்குப் பீர் வாங்கிக் கொடுத்தார்கள். காற்றுப் பார்க்க ரேவினையே கூப்பிட்டவர்கள், கடையில் அவளைக் கண்டால் பால் விலையை ஆராய்ந்தார்கள். அதுகூட அவளை அவ்வளவு வதைக்கவில்லை. மெக்கைக் கொன்றது தன் கண்தானா என்பதுதான் சோற்றை இறங்கவிடவில்லை.

பிறகு ஒருநாள் வண்டியில் தோட்டாப் பெட்டியைப் பார்த்தாள். வழக்கமான மெதுவான தோட்டா இல்லை. வேகத் தோட்டா, புதுசு. அவளிடம் அவன் சொல்லவே இல்லை.

அடுத்த வடமேற்குக் காற்றுக்குக் காத்திருந்து, டூகலையும் கூட்டிப்போய், அதே சரிவில் அதே தூரத்தில் அட்டை நட்டு, அவளே சுட்டாள். ஒன்றரை முயல் தள்ளிக் குறிவைத்தபோது மெதுவான குண்டு நடுவில் பட்டது. வேகக் குண்டு காற்றோடு ஒரு கையகலம் கூடுதலாக ஒதுங்கியது. சத்தத்தை முந்தும் சின்னக் குண்டைக் காற்று அதிகம் தள்ளும் என்பது பாரில் பாதிப் பேருக்குத் தெரியும். டூகல், வேகக் குண்டு காற்றுக்கு அசையாது என்று பெட்டிமேல் போட்டிருந்ததை நம்பியவன்.

"கையகலம்தான் தப்புது," என்றாள். "மெக் நின்னது அதைவிடத் தள்ளி. நீ எவ்வளவு வெச்சே?"

அவன் பூட்ஸைப் பார்த்தான். "வேகமான குண்டாச்சேன்னு... அரை முயல் குறைச்சேன். ஒரு நாய்க்காக எவ்வளவு நாள் இழுப்பே?"

"நாய்க்காக இல்ல. நான்தான் கொன்னேன்னு தினம் அழுதேன். பக்கத்துலதான படுத்திருந்தே, டூகல்? வாயைத் திறந்தியா?"

அவன் தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தான்.

கம்பளி கத்தரிக்கும் காலத்துக்கு முன்பே ரேவின் இன்வர்கார்கில்லில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு அங்கே சிப்பிப் படகுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மனுஷர் ரொம்பப் பேசுவாராம், அதுவே பிடித்ததாம். டூகல் பண்ணையை அண்ணன் மகனிடம் விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலைக்குப் போனான். இன்னும் தனியாள்தான் என்று கேள்வி.