மிளகாய் மாமிக்கு மாலை போட்டது யார்

“கையை எடுங்க ரீச்சர்! அது என்ட தங்கச்சி!”

“உங்கட தங்கச்சியா? நல்லா வந்திச்சு கதை. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாருங்க யோகராசா அண்ணன். அது நான்!”

பழைய பத்திரிகைத் துண்டொன்றின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, ஐம்பது தாண்டிய இரண்டு பேர் நின்றார்கள். தாளுக்கும் நாற்பத்தொரு வயது. இன்னும் ஒரு இழுவைக்குத் தாங்காது. புளியந்தீவுத் தேவாலய மண்டபத்தில் கூடியிருந்த மற்ற ரசிகர்கள் கடித்த பற்றிஸை விழுங்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிளகாய் மாமி என்றால் திலகா அருளப்பு. தெருவுக்கு நாலு வீட்டில் மட்டும் தொலைக்காட்சி இருந்த காலத்தில், ‘அடுப்படி அரசாங்கம்’ தொடரில் அகப்பையும் கையுமாக வந்து மருமகன்மாரை நடுங்க வைத்த நடிகை. இப்போது எண்பத்தொரு வயதில் லண்டனில் மகளோடு இருக்கிறார். மாமிக்காக வட்ஸ்அப்பில் ஒரு ரசிகர் வட்டம் உண்டு. நாற்பத்து மூன்று பேர். காலையில் வணக்கம் சொல்ல மறந்தாலும் மாமியின் பழைய பேட்டி ஒன்றைப் போட மறக்கமாட்டார்கள். ‘எனக்கு உறைப்பே ஒத்துக்கொள்ளாது’ என்று மாமி சொன்ன செய்தித்துண்டுக்கு மட்டும் முந்நூறு பதில்கள்.

மாமியின் பிறந்தநாளுக்குத் துண்டுகளையெல்லாம் சேர்த்து ஓர் அல்பம் செய்வதாக ஏற்பாடு. அதைக் கேள்விப்பட்ட மகள் ஒரு செய்தி அனுப்பினாள். மட்டக்களப்பு நகர மண்டபத்தில் தனக்கு மாலை போட்ட சிறுமியை அம்மா பார்க்க ஆசைப்படுகிறாராம். ஞாயிறு நாலு மணிக்கு வீடியோவில் வருவாராம்.

எல்லாரும் றஜனி ரீச்சரைத்தான் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பது? மாலை போட்டது தான்தான் என்று ஆசிரியர் அறையிலும் பஸ்ஸிலும் சொல்லிச் சொல்லியே அவள் வட்டத்துக்குத் தலைவியானவள். செத்தவீட்டில்கூட, அழுகை சற்று ஓய்ந்தால் அந்த மாலைக் கதை எட்டிப்பார்க்கும்.

அங்கேதான் களுவாஞ்சிக்குடி யோகராசா வந்து குறுக்கே விழுந்தார். மனைவியை இழந்தவர், ஓய்வூதியக்காரர், வட்டத்தில் சேர்ந்து மூன்று கிழமைதான்.

“அப்ப உங்கட தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்களன்” என்றாள் றஜனி.

“புஸ்பம் கொக்கட்டிச்சோலையில வட்டைக்குள்ள நிக்கிறாள். வேளாண்மை வெட்டு முடியாம, ஆர் கூப்பிட்டாலும் வயலை விட்டு வரமாட்டாள்.”

“வசதியாப் போச்சு!”

படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் வழியில்லை. சிறுமியின் பாதி முகத்தை மாலை மறைத்திருந்தது. அடியில் பெயர் இருந்திருக்கும்தான். ஆனால் ஊரில் கத்தரிக்கோல் பிடித்த ரசிகர்கள் எல்லாரும் மாமியின் முகத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டு, அடிவரியைக் குப்பைக்கு அனுப்பியிருந்தார்கள்.

றஜனி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் போன் அடித்தது. வாழைச்சேனை றமீஸ். அவருடைய வாப்பா கடையில் சாமான் சுற்ற வாங்கிய பழைய பத்திரிகைகளிலிருந்து மாமி வந்த பக்கங்களை முழுசாகவே எடுத்துவைத்த மனிதர்.

“ரீச்சர், அந்தப் பக்கம் என்னட்ட இரிக்கு. அடிவரியோட.”

“என்ன போட்டிருக்கு?”

“உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கன். குறூப்பில போடல்ல. நீங்க அழிச்சாலும் நான் மறுகா கேக்கமாட்டன்.”

திறந்தாள். ‘மாணவி க. புஸ்பம் மாலை அணிவிக்கிறார்.’

றஜனிக்கு அது புதினமில்லை. மாலை போடத் தெரிவானவள் அவள்தான். அம்மா வெள்ளைச் சட்டை தைத்து, கையில் சுருக்கு வைத்து, ஒரு கிழமை ஒத்திகையும் நடந்தது. முதல்நாள் பின்னேரம் கூகைக்கட்டு வந்து கன்னம் இரண்டும் பூசணிக்காய் ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் படித்த பிள்ளை ஒருத்தியை நிறுத்தினார்கள். அவளிடம் நல்ல சட்டை இல்லை. றஜனியின் சட்டையைத்தான் உடுத்தி அனுப்பினார்கள். பத்திரிகை வந்ததும் றஜனி எல்லாருக்கும் காட்டி, “இது என்ட சட்டை” என்றாள். உண்மைதான். அடுத்த வருடம் “சட்டையைப் பாருங்க” என்றாள். அதற்கடுத்த வருடம் சட்டைக்குள் அவளே புகுந்துவிட்டாள்.

அழிக்க ஒரு விரல் போதும். ஞாயிறு நாலு மணிக்கு மாமி அவளைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக நாற்பத்தொரு வருடம் காத்திருந்தவள். அழிக்காவிட்டால் பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா ஒருத்தி போதும், ஊர் முழுக்கச் சிரிக்க வைக்க. விரலை அந்தப் படத்தின் மேல் வைத்தாள், எடுத்தாள். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. கடைசியில் யோகராசாவுக்குப் போன் எடுத்தாள்.

“ஞாயிற்றுக்கிழமை உங்கட தங்கச்சி கட்டாயம் வரவேணும். வயலோட தூக்கிட்டெண்டாலும் வாங்க.”

சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்த யோகராசா, குதிக்காலில் சேறு காயாத புஸ்பத்தோடு ஞாயிறு மூன்றரைக்கே மண்டபத்தில் வந்து இறங்கினார். றஜனி எழுந்து, றமீஸ் அனுப்பிய பத்திரிகைப் பக்கத்தைத் தானே வட்டத்தில் போட்டாள்.

“அது நான் இல்ல. சட்டை மட்டுந்தான் என்ட” என்றாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த செபஸ்தியம்மா, “நான் அப்பவே நினைச்சன்கா” என்றாள். அவள் எதையும் நினைத்திருக்கவில்லை.

நாலு மணிக்கு மாமி திரையில் வந்தார். வெள்ளை முடி, அதே குறும்புக் கண்.

“எங்க அந்தப் பிள்ளை?”

றஜனி புஸ்பத்தை முன்னே தள்ளினாள்.

“பிள்ளை, அண்டைக்கு என்ட காதுக்குள்ள என்ன சொன்னனி? ஞாபகம் இருக்கா?”

புஸ்பம் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். “‘கெதியாக் குனியுங்க, பூச்சாறு பட்டாச் சட்டைக்காரி என்னைக் கொன்டிருவாள்’ எண்டன்.”

“அதைச் சொல்லித்தான் இந்த வீட்டை இண்டைக்கும் சிரிக்கவைக்கிறன். ஆரடி அந்தச் சட்டைக்காரி?”

புஸ்பம் நாடியை நீட்டி றஜனியைக் காட்டினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி றஜனி கையை உயர்த்தினாள்.

“நீயா! உன்ட சட்டைக்குப் பயந்து வளைஞ்சு குனிஞ்சு, என்ட இடுப்பு மூண்டு நாள் பிடிச்சுக் கிடந்தது. கிட்ட வா, உன்னை ஏசவேணும்.” மாமி எங்கிருந்தோ ஒரு அகப்பையை எடுத்துவிட்டார். ஏச்சு பத்து நிமிடம் நடந்தது. றஜனி கன்னம் நனைய நனையச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ரீச்சரையும் யோகராசாவையும் தெரு ஆறு மாதம் சேர்த்து வைத்துப் பேசியது. செபஸ்தியம்மா கலியாணத்துக்குச் சேலைகூட எடுத்துவிட்டாள். யோகராசா பதிவெழுதிக் கட்டியது சர்மிலாவை. வட்டத்தில் பெருவிரல் படத்தைத் தவிர இதுவரை ஒன்றும் அனுப்பியிராத கல்முனைக்காரி அவள். இருவரும் இப்போது மெல்பேணில். றஜனி யாரையும் கட்டவில்லை. புஸ்பத்தோடு சிநேகிதமாகி, இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு கொக்கட்டிச்சோலைக்குப் போய், புஸ்பத்தின் வளவில் ஓர் அறை எடுத்து இருக்கிறாள். வேதக்கார மெதடிஸ்த மனிசி அங்கே கோயில் பொங்கல் சாப்பிடுகிறாளா என்று தெரு விசாரித்தது. சாப்பிடுகிறாளாம், இரண்டாம் தரமும் கேட்டு வாங்கி.