இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்

சுவரில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதற்குள் பெயர்களைத் தள்ளுவதுதான் என் வேலை. உள்ளே ஸ்கிரிப்ட் இருக்கிறது, தானாக ஓடும் கம்ப்யூட்டர் கட்டளை வரிசை. அதை யாரும் பார்த்ததில்லை. சீட்டில் பெயரை எழுதிக் கொடுத்தால் அந்தப் பெயருள்ள ஃபைலை எடுக்கும், மேலே ஏற்றும், கீழே இருந்ததை அழிக்கும். ஃபைல் என்றால் ஆள். எங்கள் ஊரில் எல்லோரும் என்றைக்காவது ஏற்றப்பட வேண்டியவர்கள்தான். இதில் அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை.

பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால் இரண்டு பக்கமும் மேற்கோள்குறி போட வேண்டும். சேர்ந்த புதிதில் எனக்கு அது தெரியாது. பா. கனகசபை என்று ஒருவரை அப்படியே எழுதித் தள்ளிவிட்டேன். ஸ்கிரிப்ட் முதல் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டது. இனிஷியல் தனியாக மேலே போய்விட்டது. கனகசபை இன்னும் முன்னறையில் உட்கார்ந்து, அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுபது வயது மனிதர். தினமும் ஒரு டீ வாங்கிக் கொடுக்கிறேன். வேறென்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை வந்த பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. தணிகாசலம். அது நான். நேரம் மாலை நான்கு.

நான் பயப்படவில்லை. சிக்கல் வேறு. மேலே அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். என் அண்ணன். நான் பிறப்பதற்கு முந்தைய வருடம், ஐந்து வயதில் போய்ச் சேர்ந்தவன். அடுத்து நான் பிறந்ததும் அம்மா அவன் பெயரையே எனக்கு வைத்துவிட்டாள். புதுப் பெயர் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை என்று பெரியம்மா சொல்வாள்.

அம்மா தினமும் பதினொரு மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு வருவாள். என்னைப் பார்க்க அல்ல. மேலே போனவர்களைப் பார்க்க முன்னறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து "தணிகா" என்று கூப்பிடுவாள். அண்ணன் இன்றும் அதே ஐந்து வயதில் ஓடி வருவான். உள்ளே ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் நானும் திரும்புவேன். நாற்பத்திரண்டு வயதிலும் திரும்புகிறேன். இந்தக் கழுத்துக்குப் புத்தியே வரவில்லை.

சூப்பிரண்டு புஷ்பலதா மேடத்திடம் போனேன். அவர் அறைக்குப் பன்னிரண்டு கதவுகள் தாண்ட வேண்டியிருந்தது. நேற்று வரை இரண்டுதான். ஒரே பெயரில் இன்னொரு ஃபைல் ஏறினால் பழையது அழிந்துவிடும். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஏற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கும்படி ஸ்கிரிப்ட்டிடம் சொல்லக் கூடாதா என்றேன்.

"கேக்கறதுக்கா அதை வச்சிருக்கோம்? அது கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் உக்காரணும். ஆள் வேணாம்னுதானே தானா ஓட விட்டிருக்கு."

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். பெயருக்குப் பின்னால் ஓர் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். தணிகாசலம்_2. பாதி ஊர் அப்படித்தான் போயிருக்கிறது. அவருடைய மாமனாரே 'கடைசி_புதியது' என்றுதான் போனாராம். ஆனால் படிவத்தில் பெயர் வைத்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

படிவத்தோடு அம்மாவிடம் போனேன். அவள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போடாவிட்டால் நாளைக்கு அவன் இருக்க மாட்டான் என்றேன். அவன் எங்கேயும் போக மாட்டான் என்றாள். பிறகு படிவத்தை வாங்கி, அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டுன்னு போடாதப்பா. எனக்கு ஒருத்தன்தான்."

அந்த ஒருத்தன் யார் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. படிவத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்றரை மணிக்கு நானே அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். "தணிகா" என்றேன். என் பெயரை நானே கூப்பிடக் கூச்சமாக இருந்தது. அண்ணன் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் அவனுடைய தம்பி என்றேன். நம்பவில்லை. அண்ணா என்று கூப்பிட்டதும் நம்பினான். நான்கு மணிக்கு நடக்கப்போவதைச் சொன்னேன். வலிக்குமா என்று கேட்டான். தெரியாது என்றேன். அவன் ஜன்னலுக்கு நெருங்கி வந்தான்.

"அம்மா கூப்பிடறது என்னை இல்ல. உன்னைத்தான்."

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"நான் வந்து நின்னப்புறமும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களே."

நான்கடிக்க ஒரு நிமிடம் இருந்தது. ஓட்டைக்கு முன் நின்று சீட்டில் என் பெயரை எழுதினேன். பின்னால் அந்த இரண்டை எழுத உண்மையில் யார் கையெழுத்தும் தேவையில்லை. பேனா என் கையில். ஸ்கிரிப்ட் படிவம் பார்ப்பதில்லை, கொடுத்த பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும். எழுதவில்லை. அம்மா மறுத்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். ஒரு தடவையாவது அந்தப் பெயர் எனக்கு மட்டும் என்று இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன். வெட்கங்கெட்ட ஆசை. சீட்டைத் தள்ளினேன்.

உள்ளே ஏதோ ஓடியது. கேள்வி எதுவும் வரவில்லை.

மேலே நீளமாக ஒரு தாழ்வாரம். நடக்க நடக்க நீள்கிறது. ஒருவரையும் காணோம். "தணிகா" என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் நான்தான் திரும்பினேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மா வந்து உட்கார்ந்தாள். "தணிகா" என்றாள். ஓடிப் போய் நின்றேன். மூச்சு வாங்கியது. இப்போது இந்தப் பெயரில் நான் ஒருவன்தான். வேறு யாரையும் அவள் கூப்பிட்டிருக்க முடியாது. என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சிரிப்பதுபோல் லேசாகச் சிரித்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி," என்றாள். "என் புள்ள வருவான். மறைக்குது."

தள்ளி நின்றேன்.