மலை ஏறக்கூடாத வருஷம்

ஆலத்தியூர்ப் பக்கம் லீலாவதியின் மஞ்சள் வேனைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினாலு வருஷமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள்; ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இந்த மே மாதம் அந்த வேனின் சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு பலகைக் கட்டில், ஒரு சின்ன கேஸ் அடுப்பு, ஜன்னலுக்குப் பழைய சேலையில் திரை என்று அவள் உள்ளேயே ஒரு வீடு கட்ட ஆரம்பித்ததும் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்.

"என்ன வேண்டுதல்?"

"வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க. சும்மா போறோம்."

இந்தப் பதில் ஒருவருக்கும் செரிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் குடும்பத்தோடு வேனில் கிளம்புவதென்றால் கிடா வெட்ட, மொட்டை போட, காது குத்த. அதுவும் இல்லையென்றால் எழவுக்கு. சும்மா ஊர் சுற்றுகிறவர்களை டிவியில்தான் பார்த்திருக்கிறார்கள்.

லீலாவதிக்கு இதையெல்லாம் உட்கார்ந்து விளக்க நேரமில்லை. மூத்த மகள் இலக்கியா நர்ஸ் வேலைக்கு ஜூன் பத்தாம் தேதி கத்தாருக்குக் கிளம்புகிறாள். இனி ரெண்டு வருஷம் கழித்துத்தான் லீவு. புருஷன் வீரமுத்து சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் ஓட்டுகிறவன். புருவம்கூட வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வருவான். சிமெண்டு ஆலையில் சூளையை நிறுத்தும்போது மட்டும் அவனுக்குச் சேர்ந்தாற்போல் நாலு நாள் கிடைக்கும். அது மே கடைசியில் வந்தது. ஜூன் பிறந்தால் சீட்டுகளை மறுபடியும் வேனில் மாட்டியாக வேண்டும். நாலு பேரும் ஒன்றாக இருக்க அந்த நாலு நாள்தான் இருந்தது, அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

இடம் தேடும் பொறுப்பு பத்தாவது முடித்த சின்னவள் முத்தமிழுக்கு. பச்சைமலையில் வேனை நிறுத்தித் தங்க மூன்று இடங்களைப் போனில் பிடித்துக் காட்டினாள். முதல் இடத்தில் நீச்சல் குளம், சாயங்காலம் ஆனால் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு.

"பாட்டுக்கு எதுக்குடி அவ்வளவு தூரம்? பக்கத்து வூட்டுலயே காது கிழியுது," என்று தள்ளிவிட்டாள் லீலாவதி.

இரண்டாவது, அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. போட்டோவில் மரங்கள் வரிசையாக நின்றன, பின்னால் ரோடும் தெரிந்தது.

"இதுல மலை எங்கடி?"

"பின்னாடி தெரியுதுல்ல."

"தெரியறதுக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு போதும்."

மூன்றாவது மலைக்கு மேலே. அனுசுயா என்ற மலைக்காரப் பெண், தன் கொல்லையின் ஓரத்தில் ஒரே ஒரு வண்டிக்கு இடம் விட்டிருந்தாள். போட்டோவில் ஒரு பலாமரமும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டும் இருந்தன. லீலாவதி போனை வாங்கித் தானே பேசினாள்.

"வண்டி திருப்ப இடம் இருக்காம்மா?"

"மினி பஸ்ஸே திருப்பலாம்க்கா."

"கக்கூஸ் எவ்வளவு தூரம்? நாங்க மூணு பேரு பொம்பளைங்க."

"முப்பது அடி. உள்ளாற தாழ்ப்பா இருக்கு, லைட்டும் இருக்கு."

"மழை பேஞ்சா சக்கரம் பொதியுமா?"

"செம்மண்ணுக்கா, பொதியத்தான் செய்யும். போன வருஷம் ஒரு காரை டிராக்டர் வச்சு இழுத்தோம். அதுலேருந்து கல்லு பரப்பி வச்சிருக்கேன். அது மேல நிறுத்திக்குங்க."

லீலாவதிக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப் போயிற்று. பொதியவே பொதியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். மரத்தைத் தாண்டி என்ன இருக்கிறது என்று கடைசியாகக் கேட்டாள். "அதுக்கு மேல காடுதான்க்கா," என்றாள் அனுசுயா. இடம் முடிவாயிற்று.

அந்த வாரமே தா.பழூரில் அரியமுத்துத் தாத்தா காலமானார். வீரமுத்துவின் தாத்தாவுக்குத் தம்பி, தொண்ணூற்றொரு வயது. எல்லாரும் போய் அழுது, பதினாறாம் நாள் கருமாதிக்குப் படைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். அங்கேதான் வீரமுத்து அந்தக் காரியத்தைச் செய்தான். பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது முறை என்று நினைத்து, பெரியப்பா மகன் இளையபெருமாளிடம் போய், "அண்ணே, அடுத்த வாரம் புள்ளைங்களோட பச்சமலைக்குப் போறோம், போலாமா?" என்று கேட்டுவிட்டான். சொல்லப் போன மனுஷன் கேட்டுவிட்டு வந்து நின்றான். சுரங்கத்தில் அறுபது டன் கல்லை அசால்ட்டாக இறக்குகிறவனுக்கு அண்ணன் முன்னால் மட்டும் நாக்கு மடங்கிப் போகும்.

இளையபெருமாள் அந்த வகையறாவுக்குத் தலைவர். குலதெய்வப் படையலில் யார் முன்னால் நிற்பது, எந்தக் கல்யாணத்துக்கு யார் போவது என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. அவர் சொல்லிவிட்டார்: பங்காளி செத்தால் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது. வேண்டுமானால் அடிவாரத்து மாந்தோப்பில் தங்கிக்கொள்ளலாம், ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம்.

"கோட்டையும் மேட்டு மேலதானே இருக்கு?" என்றாள் லீலாவதி, வீட்டுக்கு வந்து அவன் இதைச் சொன்னதும்.

"அது கோட்டையாம். மலையில சேராதாம்," என்றான் வீரமுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"மாந்தோப்புல படுத்து லாரி சத்தம் கேட்கவா நான் கட்டில் அடிச்சேன்?"

இலக்கியா, அடுக்கி வைத்திருந்த பாத்திரங்களை வேனிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் லீலாவதிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "வச்ச எடத்துல வைடி," என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் தனியாகவே இளையபெருமாளின் கொட்டகைக்குப் போய் நின்றாள்.

அவர் பழ வியாபாரி. கொட்டகை நிறைய பலாப்பழம் மலையாகக் குவிந்து கிடந்தது; காம்பில் பாலின் பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை. பேச வந்ததை அப்படியே வைத்துவிட்டு லீலாவதி பழத்தைப் பார்த்தாள்.

"பழம் எந்த ஊரு மாமா?"

"பச்சமலை. தேனா இருக்கும், ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போ."

"யாரு போயி ஏத்திக்கிட்டு வந்தது?"

"நான்தான். நம்ம போயி நிக்கலன்னா பிஞ்சையும் சேர்த்துத் தள்ளி வுட்டுருவான்."

"எப்ப போனீங்க?"

"முந்தாநேத்து," என்றவர் அதற்குப் பிறகுதான் சுதாரித்தார். "அது யாவாரம்மா. பொழப்புக்குப் போறதுக்குத் தோஷம் கிடையாது. நீங்க போறது கூத்தடிக்க."

"ஆஸ்பத்திரிக்கு மாசாமாசம் தாத்தாவைக் கூட்டிக்கிட்டுப் போனது என் வேன்தான் மாமா. அவரு உங்க லாரிய வுட்டுட்டு என் வேனை மறிப்பாரா?"

கொட்டகையில் பழம் அடுக்கிக்கொண்டிருந்த ரெண்டு பேர் குனிந்துகொண்டார்கள். இளையபெருமாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாய் நீளுது. நாளைக்கு உம் மவளுக்குக் கல்யாணம்னா ஒரு பங்காளி பந்தல்ல வந்து நிக்கமாட்டான், பார்த்துக்க."

லீலாவதிக்கு அவரைத் தெரியும். பொய்யாக மிரட்டுகிற ஆளில்லை அவர், சொன்னால் செய்வார். ஆனால் ஜூன் பத்தாம் தேதி அவள் கண்முன் நின்றது. பந்தலில் நிற்கிறவர்களுக்காக இந்தப் பிள்ளையோடு இருக்கும் நாலு நாளைக் கொடுக்க வேண்டுமென்றால், அப்படிப்பட்ட பந்தல் அவளுக்கு வேண்டாம்.

"நிக்க வேணாம் மாமா. பந்தக்கால் நட எனக்கே தெரியும்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பழத்தை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை விடியும்போது வேன் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். வீரமுத்து செருப்பைப் போட்டுக்கொண்டு படியிலேயே நின்றான்.

"ஏங்க, நீங்க வரலன்னா நாங்க மூணு பேரும் போறோம். உங்களுக்கு மாவு பிரிட்ஜ்ல இருக்கு."

அவன் ஏறி உட்கார்ந்தான்.

சோபனபுரம் தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பித்தது. முத்தமிழ் ஜன்னல் திரையைத் தள்ளிவிட்டு வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது கொண்டை ஊசியில் லீலாவதி வண்டியைப் பாதி ஒடித்திருந்தபோது, மேலேயிருந்து பலாப்பழம் ஏற்றிய ஒரு சின்ன லாரி வந்து முகத்துக்கு முகம் நின்றது. லாரியில் டிரைவர் கருப்பண்ணன். அவனுக்குப் பக்கத்தில், தலையில் துண்டோடு, இளையபெருமாள்.

வீரமுத்து சீட்டில் சரிந்து உட்கார்ந்தான். லீலாவதி அசையவில்லை. வலது காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு ஹாரனை ஒருமுறை, ஒரே ஒருமுறை அடித்தாள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலையில் ஓட்டுகிற எவனுக்கும் தெரிந்த சட்டம். கருப்பண்ணன் தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே, நம்மதான் பின்னால எடுக்கணும். இறங்கி சைடு பாருங்க, பள்ளம் இருக்கு."

வேறு ஆள் இல்லை. இளையபெருமாள் இறங்கினார். லாரிக்குப் பின்னால் போய் நின்று, "வா, வா, ஒடிச்சு வா," என்று அதை மலைச் சுவரோரமாக ஒதுக்கினார். பிறகு முன்னால் வந்து, வேனுக்கும் லாரிக்கும் நடுவில் இருக்கும் இடத்தைக் கண்ணால் அளந்தார். அவர் கை தயங்கித் தயங்கித்தான் எழுந்தது. எழுந்ததும், மேலே வரச் சொல்லி லீலாவதியைப் பார்த்து ஆடியது. அவள் முதல் கியரைப் போட்டு நிதானமாக ஏறினாள்.

லாரியை ஒட்டி வரும்போது வீரமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். இடைவெளியைப் பார்த்தான். டம்பர்காரன் கண்ணுக்கு அது போதவில்லை.

"அண்ணே, லாரிய இன்னும் அரை அடி பின்னால வரச் சொல்லுங்க," என்றான்.

இளையபெருமாள் அவனைப் பார்த்தார். பிறகு திரும்பி, கருப்பண்ணனிடம் அரை அடி பின்னால் எடுக்கச் சொன்னார்.

வேன் கடந்து போனபோது வீரமுத்து ஜன்னலில் கையை ஊன்றித் தலையை வெளியே விட்டான்.

"அண்ணே, நாங்க மேல போறோம். உங்ககிட்ட சொல்லிட்டேன்."